செவ்வாய்தோறும் விழுந்தவள்

அத்தியாயம் 9

டெல்மா கார்மோடி இடுப்பை ஓர் அங்குலம் நகர்த்தினாள். அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் கட்டியிருந்த பெட்டி, கைக்குழந்தைக்குப் போடும் பொம்மைப் பாட்டு ஒன்றை வார்டு முழுக்கக் கேட்கும்படி பாட ஆரம்பித்துவிட்டது.

நர்ஸ் ஓடி வந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க டெல்மா?"

"எங்கயும் இல்லம்மா. கொஞ்சம் பலமா மூச்சு விட்டுட்டேன்."

"அடுத்த தடவை மணி அடிச்சிட்டு விடுங்க." நர்ஸ் பாட்டை நிறுத்தினாள். மெத்தைக்கு மேல் விரித்திருந்த விரிப்பைத் தட்டிச் சரி செய்தாள். அந்த விரிப்பில் இருந்து டெல்மாவின் பாரம் குறைந்தால் பெட்டி பாடும். அதுதான் ஏற்பாடு.

முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்தவள் அவள். அதில் பாதிக்கு மேல் துப்பறியும் பிரிவில் சார்ஜென்ட். எத்தனையோ பேரை உள்ளே தள்ளியவளை இப்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி உள்ளே தள்ளி வைத்திருந்தது. தலைமாட்டில் 'விழும் அபாயம்' என்று மஞ்சள் அட்டை. காலில், அடிப்பக்கம் ரப்பர் புள்ளி வைத்த மஞ்சள் காலுறை. எழுபத்து நாலு வயதில் இந்தக் கோலம் வேண்டுமா என்று அவளுக்கே அழுகை வந்தது.

"இன்னைக்கு என்ன கிழமை?" நர்ஸ் காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள். தினமும் கேட்பாள்.

"செவ்வாய். நவம்பர் பதினேழு."

"மணி?"

டெல்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு முப்பத்தைந்து காட்டியது. "அது எட்டரைங்குது. அப்ப ஒன்பதரை."

"ரொம்பச் சரி!"

கோடை நேரம் தொடங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் முழுக்க முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பியாகிவிட்டது, இந்த வார்டைத் தவிர. திருப்ப ஏணி வேண்டும். ஏணியில் ஏறத் தனிப் படிவம் வேண்டும். ஆஸ்பத்திரியில் யாரும் விழக் கூடாதல்லவா! டெல்மா வந்த முதல் நாள், மயக்கம் தெளிந்த கையோடு, பாவம், அந்தக் கடிகாரத்தைப் பார்த்து அப்படியே மணி சொல்லிவிட்டாள். 'நேரம் தெரியவில்லை' என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள். எழுதினது எழுதினதுதான்.

நர்ஸ் வெளியே போனதும் சைக்கிள் மணி ஒலித்தது. பேசில் டூஹி தன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அடுத்த அறைக்காரன். எழுபத்தொரு வயது, முழங்கால் மாற்று ஆபரேஷன், முன்னாள் பஸ் டிரைவர். வாக்கரில் சைக்கிள் மணியை மாட்டியது அவன் யோசனைதான்.

"என்ன சார்ஜென்ட், காலங்காத்தாலயே கச்சேரி?"

"யோவ், கதவைச் சாத்து. எனக்கு எண்பத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

பதினோரு மணிக்குக் கூட்டம். டாக்டர் ட்ரான், சமூக சேவகி, சிட்னியில் இருந்து பத்து மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கும் டெல்மாவின் தங்கை மகன் டேமியன். மூன்று பேரும் உட்கார்ந்து பேசப் போவது ஒரே விஷயம்: டெல்மா தன் வீட்டுக்குத் திரும்பலாமா, இல்லை பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டுமா. 'டெல்மாவுக்கு நினைவு சரியில்லை' என்று டாக்டர் சொல்லிவிட்டால் அவளுக்குப் பதிலாக டேமியன் கையெழுத்துப் போடலாம். அந்த இல்லத்தின் படம் போட்ட காகிதம் நேற்றே வந்துவிட்டது. அழகான தோட்டம். கதவில் எண் அழுத்தினால் திறக்கும் பூட்டு. எண் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

எல்லாம் ஓர் அட்டையால் வந்த வினை.

டெல்மா ஒரு பல்கலைக்கழக ஆய்வில் சேர்ந்திருந்தாள். வயதானவர்கள் விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்க்கும் ஆய்வு. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி ஆட்களை இரண்டாகப் பிரிக்கும். பாதிப் பேருக்கு வாராவாரம் உடற்பயிற்சி வகுப்பு. மீதிப் பேருக்குப் படிக்க ஒரு காகிதம், அவ்வளவுதான். இரண்டு கூட்டத்துக்கும் மாதம் ஓர் அட்டை உண்டு. விழாத நாளுக்கு டிக், விழுந்த நாளுக்குப் பெருக்கல் குறி. எப்போது, எங்கே, என்ன செய்யும்போது என்று பின்பக்கம் எழுத வேண்டும்.

அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி மீன் கடை வாசலில் டெல்மா விழுந்தாள். இடுப்பு எலும்பு போயிற்று. அது ஒன்று. ஆனால் மாதம் முடிந்து ஆய்வு ஆபீஸுக்கு வந்த அவளுடைய அட்டையில் நாலு பெருக்கல் குறி இருந்தது.

பேசில் அந்த அட்டையின் நகலைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டான். "ஆறு, பதிமூணு, இருபது, அப்புறம் இருபத்தஞ்சு. கடைசிதான் மீன் கடை. முதல் மூணு?"

"சத்தியமா நான் விழல."

"எப்பவும் இப்படித்தான் சொல்வாங்கன்னு நீங்களே போன வாரம் சொன்னீங்க, திருடங்களைப் பத்தி."

"பின்பக்கம் படிய்யா."

பேசில் திருப்பினான். எல்லாம் பெரிய எழுத்தில், கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாக. யார் கையெழுத்து என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

"அக்டோபர் ஆறு. காலை பத்து அஞ்சு. வீட்டுச் சமையலறை. 'பத்து மணி வினாடி வினா கேட்டேன். நின்றேன்.' பதிமூணாம் தேதி பத்து பத்து. 'வினாடி வினா. நின்றேன்.' இருபதாம் தேதி பத்து அஞ்சு. 'நின்றேன்.'" அவன் நிமிர்ந்தான். "நின்னா விழுவாங்களா? நடந்தா விழலாம், ஓடினா விழலாம்."

"அதை விடு. கிழமை பாரு."

பேசில் விரல் விட்டு எண்ணினான். "மூணும் செவ்வாய்! வாராவாரம் ஒரே கிழமையில வர்றதுக்கு இது என்ன குப்பை வண்டியா?"

"அதான். உண்மையா விழறவ நாள் பார்த்து விழ மாட்டா. யாரோ உக்காந்து எழுதியிருக்கான்."

"உங்க அட்டை எங்க இருந்துச்சு?"

"ஃப்ரிட்ஜ் கதவுல. நான் தினம் குறிக்கிறதில்ல. மாசக் கடைசில மொத்தமா டிக் போட்டு அனுப்பிடுவேன். அதனால நான் விழுந்தப்ப அட்டை காலி."

"நல்ல போலீஸ்!"

"வாயை மூடு. அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள போனது ரெண்டு பேர். செடிக்குத் தண்ணி ஊத்த வால்மே. நாலு நாள் வந்து தங்கின டேமியன்."

வால்மே அவளுடைய நாற்பது வருஷத் தோழி. மாநில எல்லையாக ஓடும் தெருவுக்கு அந்தப் பக்கம், குயின்ஸ்லாந்தின் கூலங்காட்டாவில் இருக்கிறாள். ஒரு நாள் விடாமல் ஆஸ்பத்திரிக்கு வருவாள், அதுவும் பார்வையாளர் நேரம் முடியும்போது. தினமும் நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

"வால்மேன்னா நேத்து வந்தவங்கதானே? இந்த வெயில்ல ஊதா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு? கையில எலுமிச்சை பிஸ்கட்?"

"பிஸ்கட் மட்டும் நல்லா ஞாபகம் இருக்குமே உனக்கு!"

"சரி, அப்ப தங்கை பையன்தான்." பேசில் வாக்கரில் சாய்ந்தான். "பெரியம்மாவை உள்ள வெச்சுப் பூட்டிட்டா அவனுக்கு நிம்மதி. சிட்னியில இருந்து ஓடி வர வேண்டாம்."

அந்தப் பையனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் டெல்மா. வகுப்பில் கொடுத்த பயிற்சித் தாள் வீட்டில் அடுப்பு மேல் இருக்கிறது, எடுத்து வாடா, படுத்துக்கிட்டே காலை ஆட்டுறேன் என்று கேட்டபோது, வீடு முழுக்கத் தேடினேன் பெரியம்மா, அப்படி ஒரு தாளே இல்லை என்றான். அப்போதே அவன் முகத்தில் ஒரு பயம் இருந்தது. பெரியம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்கிற பயமா, இல்லை மாட்டிக்கொள்வோம் என்கிற பயமா? போலீஸ்காரிக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றும்.

"ஆனா மாட்டிக்கிட்டான் பேசில்," என்றாள். "செவ்வாய்க்கிழமை ஒன்பதரையில இருந்து பத்தரை வரைக்கும் நான் எங்க இருப்பேன் தெரியுமா? வகுப்புல. பன்னெண்டு பேர் சாட்சி. வருகைப் பதிவுல கையெழுத்து. பத்து அஞ்சுக்கு நான் என் சமையலறையில விழவே முடியாது!"

பேசில் மணியை ஒரு தடவை அடித்தான். "அட, கேஸ் முடிஞ்சுது. நான் போய் வகுப்புக்காரனுக்கு போன் போடறேன்."

"ஓடு."

"ஓடினா உங்களை மாதிரி ஆயிடுவேன். நடக்கறேன்."

அவன் திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் டெல்மா அசையாமல் கிடந்தாள். அசைந்தால் பாட்டு. ஜன்னலுக்கு வெளியே மரத்தில் பச்சைக் கிளிகள் அடித்துக்கொண்டிருந்தன. அவை போகும், வரும். யாரும் அவற்றைக் கிழமை கேட்பதில்லை.

பேசில் வந்தபோது கூடவே ப்ரையனியும் வந்தாள். ஆய்வின் நர்ஸ் அவள். முப்பது வயது, நல்ல பெண். அட்டையில் நாலு பெருக்கல் குறி பார்த்ததும் விதிப்படி டாக்டருக்குச் சொன்னது அவள்தான்.

"மூணு செவ்வாயும் நீங்க வகுப்புல இருந்தீங்க," என்றான் பேசில், ஜெயித்த முகத்தோடு. "பதிவுல இருக்கு."

ப்ரையனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரல் மிகவும் மெதுவாக வந்தது. "தெரியும் டெல்மா. போன வாரமே பதிவைப் பார்த்துட்டேன். டாக்டர் கவலைப்படறதே அதனாலதான்."

"என்ன?"

"அந்த வினாடி வினா பிரிஸ்பேன் ரேடியோவுல வர்றது. அங்க பத்து மணின்னா இங்க இப்ப பதினொண்ணு. பதினோரு மணிக்கு நீங்க வகுப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்திருப்பீங்க. களைப்பு வேற. விழுந்திருக்கீங்க. ஆனா பதினொண்ணுன்னு எழுத வேண்டியதைப் பத்துன்னு எழுதியிருக்கீங்க. மூணு தடவையும்." அவள் டெல்மாவின் கையைப் பிடித்தாள். "இங்க வந்த அன்னைக்கும் ஒரு மணி நேரம் குறைச்சுதான் சொன்னீங்க."

தப்பிக்க என்று டெல்மா நீட்டிய கயிறு அவள் கழுத்திலேயே விழுந்துவிட்டது. நீ வகுப்பில் இருந்தாயே என்றால், ஆமாம், அதனால்தான் உனக்கு மணியே தெரியவில்லை என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது? 'எனக்கு நினைவு நன்றாக இருக்கிறது' என்று நினைவு போனவள்கூடத்தானே சொல்வாள்?

ப்ரையனி போய்விட்டாள். கூட்டத்தில் தானும் இருப்பேன் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

"பேசில்," என்றாள் டெல்மா. "உண்மையாவே நான் விழுந்திருந்தா?"

"சும்மா இருங்க சார்ஜென்ட்."

"இல்லய்யா. எனக்குப் பயமா இருக்கு. பதிமூணாம் தேதி என்ன பண்ணினேன்னு யோசிக்கிறேன். வகுப்பு ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வந்தேன். ரேடியோ போட்டேன். அப்புறம் வால்மே டீ குடிக்க வந்தா. நடுவுல ஒரு மணி நேரம்... அதுல நான் தரையில கிடந்தேனா? கிடந்து எழுந்து மறந்துட்டேனா? அப்படி மறந்தவளை அவங்க எங்க வெச்சுப் பூட்டினாத்தான் என்ன?"

பேசிலுக்கு அவள் அழுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பெண்கள் அழுதால் அவனுக்குக் கை கால் ஓடாது. எதையாவது பேச வேண்டுமே என்று சுவரைப் பார்த்தான்.

"இந்தக் கடிகாரத்தை வெச்சு உங்களை மாட்டிவிட்டாங்க பாருங்க, அதான் அநியாயம். இது ஒண்ணும் தப்பான கடிகாரம் இல்ல. தெருவைத் தாண்டிக் கொண்டுபோய் மாட்டினா கரெக்டா ஓடும். குயின்ஸ்லாந்துல எவன் முள்ளைத் திருப்பறான்? நான் முப்பது வருஷம் அந்தத் தெருவைத் தாண்டி பஸ் ஓட்டினவன். இங்க ஒன்பது மணிக்குக் கிளம்பி அங்க எட்டு பத்துக்குப் போய்ச் சேருவேன். என்னை விட வேகமான டிரைவர் இந்த நாட்டுலயே கிடையாது."

டெல்மா அழுகையை நிறுத்தினாள். கடிகாரத்தையே பார்த்தாள். ஒன்பது இருபத்தைந்து காட்டியது.

"திரும்பச் சொல்லு."

"என்னை விட வேகமான..."

"அதுக்கு முன்னாடி!"

"தெருவைத் தாண்டினா கரெக்டா ஓடும்."

"அட்டையைக் குடு." பிடுங்கிக்கொண்டாள். "'பத்து மணி வினாடி வினா.' இந்தப் பக்கம் இருக்கறவங்க கோடையில அதைப் பதினோரு மணின்னுதான் சொல்வாங்க. நானும் அப்படித்தான் சொல்வேன். டேமியன் சிட்னிக்காரன், அவனுக்கு அப்படி ஒரு நிகழ்ச்சி இருக்கறதே தெரியாது. எழுதினது மணி தெரியாத ஆள் இல்ல பேசில். மணியைச் சரியா எழுதியிருக்கு. தெருவுக்கு அந்தப் பக்கத்து மணி!"

தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்து டெல்மாவின் வீட்டுச் சாவி வைத்திருக்கும் ஆள் உலகத்தில் ஒருத்திதான். கைக்கடிகாரத்தைத் திருப்ப மாட்டேன் என்று நாற்பது வருஷமாகப் பிடிவாதம் பிடித்து, இந்தப் பக்கம் எங்கே வந்தாலும் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறவள். அவளும் அதே ஆய்வில் இருக்கிறாள். அவளுக்குச் சீட்டில் விழுந்தது காகிதக் கூட்டம்.

"ஸ்வெட்டர்," என்றாள் டெல்மா. "அக்டோபர் ஆரம்பத்துல இருந்து போட்டிருக்கா. முழுக் கை. இந்த வெயில்ல! நானும் குளிர் ஜாஸ்தியாடின்னு கிண்டல் பண்ணினேன். அடப்பாவி! காயத்தை மறைச்சிருக்கா."

"அப்ப விழுந்தது அவங்க. அட்டையில போட்டது உங்க தலையில." பேசில் வாக்கரைத் திருப்பினான். "ஒரே ஒரு போன், கேஸ் முடிஞ்சுது."

"நில்லு."

"ஏன்?"

"அவ பையன் டுவூம்பா ஊர்ல ஒரு இல்லத்துல இடம் சொல்லி வெச்சிருக்கான். இன்னொரு தடவை விழுந்தா அம்மா அங்கதான்னு சொல்லிட்டான். மூணு தடவைன்னு தெரிஞ்சா?" டெல்மா அட்டையைக் கசக்கினாள். "நான் வெளிய வரணும்னா அவளை உள்ள தள்ளணும்."

"அவங்க உங்களைத் தள்ளினாங்களே!"

நாற்பது வருஷம்! டெல்மாவின் புருஷன் செத்தபோது ஒரு மாதம் கூடவே படுத்தவள். இடுப்பு உடைந்து கிடப்பவளுடைய அட்டை காலியாக இருக்கிறதே என்று, தன் பாவத்தையெல்லாம் அதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டு, தினமும் எலுமிச்சை பிஸ்கட்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாளே! ஆத்திரத்தில் டெல்மா கொஞ்சம் எழும்பிவிட்டாள். பெட்டி பாடியது.

"நான் பாத்ரூம் போயிட்டு வரேன்," என்றான் பேசில், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பதினோரு மணிக்கு அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து, இடுப்பில் பட்டை கட்டி, பெட்டியையும் நாற்காலிக்கு மாற்றிக் கூட்ட அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜன்னல் இல்லாத அறை. சுவரில் கடிகாரம், இது தாழ மாட்டியிருந்ததால் சரியான மணி காட்டியது. மேஜையைச் சுற்றி டாக்டர் ட்ரான், சமூக சேவகி, ப்ரையனி, டேமியன். டேமியன் முன்னால் தோட்டத்துப் படம் போட்ட காகிதம். அவன் கண் சிவந்திருந்தது.

"டெல்மா," டாக்டர் ட்ரான் தன்மையாகத்தான் ஆரம்பித்தார். "ஒரே மாசத்துல நாலு தடவை விழுந்திருக்கீங்க. மூணு உங்களுக்கு நினைவில்லை. தனியா இருக்கற வீட்டுக்கு எப்படி அனுப்பறது?"

"மூணும் என்னுது இல்ல டாக்டர்."

"உங்க நம்பர் போட்ட அட்டை."

"நம்பர் என்னுது. விழுந்தது நான் இல்ல."

"பின்னே யாரு?"

டெல்மா வாயைத் திறந்தாள். பெயர் நாக்கு நுனியில் நின்றது. வால்மே. மூன்று எழுத்து சொன்னால் இந்தப் பட்டை அவிழும். எத்தனை குற்றவாளிகளிடம் 'பெயரைச் சொல்லு, நீ வீட்டுக்குப் போகலாம்' என்று அவளே சொல்லியிருக்கிறாள்! சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை முட்டாள் என்று நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

சமூக சேவகி எதையோ எழுதினாள். டாக்டர் ட்ரான் பெருமூச்சு விட்டார். "இது கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கே புரியும், டெல்மா."

"புரியுது. பைத்தியம் பேசற மாதிரி இருக்கும்."

"பெரியம்மா," டேமியன் குரல் உடைந்தது. "நல்ல இடம். போய்ப் பார்த்துட்டேன். கதவுல பூட்டு பாதுகாப்புக்குத்தான். மாசம் ஒரு தடவை வருவேன்." பேனா மூடியைத் திறந்தான்.

மாதம் ஒரு தடவை. தன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்தால் அவளுக்கு இரண்டு மாநிலமும் தெரியும். இனி நாலு சுவர் தெரியும். டெல்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே சைக்கிள் மணி ஒலித்தது.

"மன்னிக்கணும்," பேசில் வாக்கராலேயே கதவைத் தள்ளித் திறந்தான். "பஸ் சரியான நேரத்துக்கு வந்திருக்கு. பிரயாணி ஒருத்தர் இறங்கணும்."

அவனுக்குப் பின்னால் ஊதா ஸ்வெட்டரில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள் வால்மே.

டெல்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. ரேடியோவில் வினாடி வினா ஓடிக்கொண்டிருக்கும் நேரம். அதை விட்டுவிட்டு வால்மே எங்கேயும் போய் அவள் பார்த்ததே இல்லை.

"இந்த ஆள் சொல்றது நிஜமா?" வால்மே படபடவென்று கேட்டாள். "நான் மூணு தடவை விழுந்ததுக்காக உன்னை அனுப்பப் போறாங்களா? எனக்கு யாருமே சொல்லலையே!"

"விழுந்தது நீங்களா?" டாக்டர் எழுந்தார்.

"நான்தான். அதுல என்ன சந்தேகம்? நான்தான் எழுதி அனுப்பினேன்."

"ஏன்டி?" டெல்மா கத்தினாள். "உன் பையனுக்குப் பயந்தா, எழுதாமலே இருந்திருக்கலாமே! என் அட்டையில ஏன்டி போட்டே?"

"பொய்க் கணக்கு அனுப்பச் சொல்றியா?" வால்மேவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "ஆராய்ச்சி, டெல்மா! ஒண்ணு விடாம எழுதுங்கன்னு இந்தப் பொண்ணு எத்தனை தடவை சொல்லியிருக்கா!" கைப்பையைத் திறந்து நாலாக மடித்த தாள் ஒன்றை மேஜையில் போட்டாள். டீக் கறை படிந்த பயிற்சித் தாள். டெல்மாவின் அடுப்பு மேலிருந்து காணாமல் போன தாள். "செப்டம்பர்ல எடுத்துக்கிட்டுப் போனேன். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை, வினாடி வினா போட்டுட்டு, ஒரு கேள்விக்கு ஒரு கால்ல நிப்பேன். போட்டியில கலந்துக்கற ஆள் பதில் சொல்ற வரைக்கும் நிப்பேன். மூணு வாரம் அவன் ரொம்ப யோசிச்சிட்டான்."

ப்ரையனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். காகிதக் கூட்டத்து ஆள் பயிற்சி செய்திருக்கிறாள்! ஓர் ஆய்வுக்காரிக்கு இதைவிடப் பெரிய இடி கிடையாது.

"நீங்க சொல்லுங்க," வால்மே அவளிடமே திரும்பினாள். "பயிற்சி இவளோடது. அந்தப் பயிற்சியால விழுந்தது இவ அட்டையிலதானே போகணும்? என் அட்டையில போட்டா நான் காகிதம் படிச்சு விழுந்தேன்னு ஆயிடும். அது ஏமாத்து வேலை இல்லையா?"

பேசில் மட்டும் "நியாயம்தானே" என்று முணுமுணுத்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றாள் டெல்மா. குரலில் கோபம் எங்கேயோ போய்விட்டது.

"சொன்னா தாளைப் பிடுங்கியிருப்ப." வால்மே தலையைக் குனிந்துகொண்டாள். "நீ வாரா வாரம் வகுப்புக்குப் போய் நேரா நடந்து வர்ற. எனக்கு ஒரு துண்டுக் காகிதம். சீட்டுக் குலுக்கல்ல உன் பேர் வந்துதுங்கறதுக்காக என் கால் என்ன பாவம் பண்ணிச்சு டெல்மா? எனக்கும் விழாம இருக்கணும்னு ஆசை இருக்காதா?"

அவள் ஸ்வெட்டரைக் கழற்றினாள். தோளில் இருந்து முழங்கை வரை மஞ்சளும் பச்சையுமாக ஆறிப்போன கன்றல். டேமியன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

ஆனால் சமூக சேவகியின் பேனா கீழே போகவில்லை. அவள் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினாள். "உங்க முழுப் பேர் சொல்லுங்கம்மா. மகன் இருக்காரா? அவர் நம்பர்?"

வால்மேயின் முகம் வெளுத்துவிட்டது. டெல்மா அதைப் பார்த்தாள். கதவு தனக்குத் திறந்துவிட்டது. அதே கதவு இப்போது வால்மேயின் பின்னால் சாத்திக்கொண்டிருக்கிறது.

"பேனாவை மூடும்மா," என்றாள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருஷம் பேசிய குரல். சமூக சேவகி சட்டென்று மூடிவிட்டாள். "ப்ரையனி, வகுப்புல ஒத்தைக் கால்ல நிக்கறதுக்கு முன்னாடி முதல் விதி என்ன?"

"முன்னால ஒரு நாற்காலி. பக்கத்துல ஒரு ஆள்."

"இவளுக்கு ரெண்டும் இல்ல. எழுபத்தாறு வயசுல தனியா நின்னு பழகியிருக்கா. மூணு தடவை விழுந்து, மூணு தடவையும் தானா எழுந்திருக்கா. மணி, நிமிஷம், இடம் எல்லாம் பிசகாம எழுதியிருக்கா. இவளுக்கா பூட்டுப் போட்ட வீடு வேணும்? நாற்காலியும் ஆளும் வேணும், அவ்வளவுதான். டாக்டர், நான் சொன்னதுல தப்பு இருக்கா?"

டாக்டர் ட்ரான் வால்மேயின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராக நிற்கச் சொன்னார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அவள் பத்து எண்ணும் வரை நின்றாள்.

"நல்லாவே நிக்கறீங்க," என்றார். "நாளைக்கு என் கிளினிக்குக்கு வாங்க. ரத்த அழுத்தம், கண்ணாடி, மாத்திரை எல்லாம் பார்த்துடலாம். ப்ரையனி, இவங்களை இனிமே ஆய்வுல வெச்சுக்க முடியுமா?"

"சான்ஸே இல்ல," என்றாள் ப்ரையனி, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல். "விதியை மீறிட்டாங்க. வெளிய போயாகணும். வெளிய போயிட்டா எந்த வகுப்புல வேணா சேரலாம்."

"உங்க மகனுக்கு நானே போன் பண்றேன்," என்றார் டாக்டர். "அம்மா பயிற்சியில சேர்ந்திருக்காங்கன்னு சொல்றேன்." அப்புறம் டெல்மாவின் ஃபைலை எடுத்து நாலு என்று இருந்ததை அடித்து ஒன்று என்று எழுதினார். கீழே 'நேரம் தெரியவில்லை' என்று இருந்ததையும் அடித்தார்.

டேமியன் தோட்டத்துக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "பெரியம்மா, நான்..."

"தெரியும்டா. நானும் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். கணக்கு சரியாப் போச்சு."

வார்டு நர்ஸ் உள்ளே வந்து, குனிந்து டெல்மாவின் இடுப்புப் பட்டையை அவிழ்த்தாள். வால்மே பக்கத்தில் வந்து நின்றாள். அவள் இடது மணிக்கட்டு டெல்மாவின் கண்ணுக்கு நேராக இருந்தது. கைக்கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டியது. சுவரிலும் அதுவே.

"திருப்பிட்டியாடி?"

"இந்த ஆள் போன்ல பதினோரு மணிக்குன்னான். யார் பதினொண்ணுன்னு கேட்டேன். 'டெல்மாவோட பதினொண்ணு, பிந்தினா போச்சு'ன்னான்." வால்மே மூக்கை உறிஞ்சினாள். "பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே திருப்பினேன்."

டெல்மா அந்தக் கையைப் பிடித்தாள், கன்றல் படாத இடமாகப் பார்த்து.

"செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வந்துடு. உன் பத்து மணிக்கே வா. உனக்கு நாற்காலியை நான் பிடிக்கிறேன். என்னை நீ பிடி."

அவள் எழுந்தாள். பெட்டி பாட ஆரம்பித்தது. யாரும் ஓடி வந்து அவளை உட்கார வைக்கவில்லை.